வடைக் கணக்கு

சனிக்கிழமை ராத்திரியே சொல்லிவிட வேண்டும்.
புதுவயல் கடைவீதியில் சவரிமுத்து
எண்ணெய்ச் சட்டியை இறக்குமுன்
"நாளைக்கு எத்தனை?" என்பார்.
எழுத்தாளர் வட்டத்தின் செயலாளர் என்ற முறையில்
எனக்கிருக்கும் ஒரே அதிகாரம்
அந்த எண்ணைச் சொல்வது.

ஏழு வருஷத்துக்கு முன், முதல் கூட்டத்துக்கு
நாற்பது சொன்னேன்.
பத்தாமல் பிய்த்துப் பங்கிட்டோம்.
இப்போது பன்னிரண்டு.
அதிலும் ஐந்து மிஞ்சி வீட்டுக்கு வருகிறது.
தின்றுகொண்டே கேட்கிறார் கணவர்,
இலக்கியம் எந்த மட்டில் இருக்கிறதென்று.

இடம், அரிசி ஆலையின் மேல்மாடி.
ஞாயிறு எந்திரம் ஓயும்,
தவிடு ஓயாது.
துடைத்துப் போட்ட நாற்காலியில்
முதல் கவிதை முடிவதற்குள் மறுபடி ஒரு படலம்.
கறுப்புச் சட்டையில் வந்தவர்
நரைத்துத் திரும்புவார்.

வராதவர்கள் சொல்லும் காரணங்களை
பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைக்கிறேன்.
வட்டத்தின் ஆகச்சிறந்த படைப்பு
அதுவாகத்தான் இருக்கும்.
சிகப்பி: கொத்தமங்கலத்தில் அறுபதாம் கல்யாணம்.
உம்மு சல்மா: மகளுக்குப் பரீட்சை.
அடுத்த மாதம், தனக்கே பரீட்சை.
வள்ளிக்கண்ணு: ஆறரைக்கு மேல் பஸ் இல்லை.
சரியென்று நாலு மணிக்கு மாற்றினேன்,
வெயில் என்றார்கள்.
மூன்றாம் ஞாயிறு என்றேன்,
முகூர்த்தம் என்றார்கள்.
பரிசாக எவர்சில்வர் தூக்கு ஒன்று வைத்தேன்.
வாங்கிப் போனவர் திரும்பவே இல்லை,
தூக்கில் என்ன கொண்டுபோகிறாரோ.

அடைக்கலம் மட்டும்
காரணம் சொல்லாமல் நின்றுபோனார்.
மின்வாரியத்தில் லைன்மேன்.
மார்கழிக் கூட்டத்தில்
பதினொரு பக்கக் கதை வாசித்தார்.
கம்பத்தின் உச்சியிலிருந்து ஒருவன்
தன் வீட்டுக் கொல்லையைப் பார்க்கிறான்,
அவ்வளவுதான் கதை.
ஆறாம் பக்கத்தில் நான் மணி பார்த்தேன்.
முடிந்ததும்
"ரெண்டு பக்கத்துல சொல்லியிருக்கலாம்" என்றேன்.
எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான்.
தாள்களை இரண்டாக, நாலாக,
பிறகு அழுத்தி எட்டாக மடித்தார்.
அந்த எட்டாம் மடிப்பை
நான் பார்த்தேன்.

தை, மாசி, பங்குனி.
அவர் பெயருக்கு நேரே எழுத வேண்டிய காரணம்
என் பெயர்.

சித்திரையில் கோட்டையூர் ரயில்வே கேட் தாண்டி
ஒரு கம்பத்தின் மேல் அவரைக் கண்டேன்.
ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து நின்றேன்.
அவர் அவசரப்படவில்லை.
கழுத்து வலிக்க ஆரம்பித்தபோதுதான் தோன்றியது,
பதினொரு பக்கம் என்பது
ஒருவேளை
மேலே நிற்கும் நேரம்.

இறங்கி கையுறையைக் கழற்றினார்.
"ஆறாம் பக்கத்துக்கு மேல நான் கேக்கல" என்றேன்.
"தெரியும்."
"கொல்லையில என்ன பாத்தான்?"
இடுக்கியைப் பையில் போட்டபடி
"இன்னும் மூணு கம்பம் கெடக்கு" என்று
ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை பதிமூன்று சொன்னேன்.
சவரிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

ஞாயிறு ஆறு பேர்.
ஐந்தேகாலுக்குக் கரண்ட் போனது.
சிகப்பி ஜன்னலோரம் போய் நின்று
தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்து வாசித்தாள்.
மின்விசிறி இல்லாததால்
தவிடுகூட அசையாமல் கேட்டது.
அவள் கடைசி வரிக்கு வருமுன்
பட்டென்று வெளிச்சம். விசிறி சுழன்று
தாள்கள் பறந்தன, கூச்சல்.
"அடைக்கலம் ஏறியிருப்பாரு" என்றார் வள்ளிக்கண்ணு.

பதிவேட்டில் அவர் கட்டத்தைப் பார்த்தேன்.
டிக் போடலாமா என்று பேனா மூடியைத் திறந்து,
போடவில்லை. அது பொய்.

வடை ஏழு மிஞ்சியது.
இரண்டைத் தனியே தாளில் சுற்றினேன்.
கோட்டையூர் வழியாகவும்
வீட்டுக்குப் போகலாம்,
கொஞ்சம் சுற்று.